நமுத்துப்போகும் பச்சை

முறுக்கு நமுத்துப்போனால் முதல் கடியிலேயே பல் சொல்லிவிடும். அப்பளத்துக்கும் அப்படித்தான், நொறுங்கும் சத்தம் கேட்கவில்லை என்றால் கை அடுத்ததை எடுக்காது. அதனால் இந்தப் பண்டங்களை எப்படி வைப்பது என்பதில் நம் வீடுகளுக்குத் தலைமுறைத் தேர்ச்சி உண்டு. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுவார்கள், ஈரக்கையை உள்ளே விடமாட்டார்கள், மூடியை ஒருமுறைக்கு இருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். கிரீன் டீயும் முறுக்கின் சாதியைச் சேர்ந்த பண்டம்தான். தீயில் வைத்து ஈரம் போக்கி மொறுமொறுப்பாக்கிய இலை அது. ஈரம் பட்டால் நமுக்கும். ஆனால் எப்படியும் வெந்நீரில் போடப்போகிறோம் என்பதால் அது நமுத்தது பல்லுக்கும் தெரிவதில்லை, காதுக்கும் தெரிவதில்லை. மூன்று மாதம் கழித்து மஞ்சளாக, மந்தமாக, பழைய அலமாரி வாடையோடு கோப்பையில் இறங்கும்போது “கிரீன் டீ என்றாலே இப்படித்தான் இருக்கும்போல” என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதைக் காப்பாற்ற நினைப்பவர்களும் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் நாடுகிறார்கள்: பாக்கெட்டைப் பிரித்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது. பிரிக்காத பாக்கெட்டுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பிரித்த பாக்கெட்டுக்கு, அதிலும் நம் கடலோர ஊர்களில், இதைவிடக் கெட்ட இடமும் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். நீலகிரியில் பசுந்தேயிலை என்றால் செடியில் பறித்து அன்றே தொழிற்சாலைக்குப் போகும் கொழுந்து. விவசாயிகள் கட்டுப்படியான விலை கேட்டுப் போராடுவது அதற்குத்தான். ஆகவே கடையில் விற்கும் காய்ந்த இலை இங்கே கிரீன் டீ என்றே இருக்கட்டும். நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைகள். வாழைக்காயையோ கத்தரிக்காயையோ நறுக்கி வைத்தால் கருக்கிறதல்லவா, அந்த வேலையைச் செய்யும் நொதி தேயிலையிலும் இருக்கிறது. கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட விட்டு, அந்த நொதியை முழுமூச்சாக வேலைசெய்ய விட்டால் கறுப்புத் தேயிலை. பறித்த சூட்டோடு நொதியைக் கொன்றுவிட்டால் கிரீன் டீ. ஜப்பானில் நீராவியில் சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரை அவிக்கிறார்கள். சீனாவில் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் புரட்டுகிறார்கள். அதாவது டீத்தூள் தன் மாற்றத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. கிரீன் டீ பாதி வழியில் நிறுத்திவைக்கப்பட்ட நிலையில் வருகிறது. அடுப்புக்குப் பக்கத்து மேடையில் ஆறு மாதம் இருந்த டீத்தூளில் ஏலக்காயும் இஞ்சியும் சர்க்கரையும் சேர்ந்து நல்ல டீ கிடைக்கலாம். அதே மேடையில் அதே எவர்சில்வர் டப்பாவில் கிரீன் டீயை வைத்தால், தொழிற்சாலையில் நிறுத்திய மாற்றங்களில் பல நொதியின் உதவி இல்லாமலேயே மெதுவாக மறுபடி தொடங்கிவிடும்.

தொடங்குபவை எவை என்று பார்த்தால்தான் எதிரி யார் என்று தெரியும். முதலில் போவது வைட்டமின் சி. ஜப்பானிய வேளாண் வேதியியலாளர்கள் மிச்சியோ சுஜிமுராவும் செய்தாரோ மியுராவும் கிரீன் டீயில் அது இருப்பதை 1924-இல் காட்டினார்கள். 1929-இல் சுஜிமுரா அதே இலையிலிருந்து கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்நாட்டு உணவுச் சத்து அட்டவணை, செஞ்சா என்ற அன்றாட வகையின் 100 கிராம் காய்ந்த இலையில் 260 மில்லிகிராம் வைட்டமின் சி எனக் கணக்குக் காட்டுகிறது. டீ குடித்துத்தான் வைட்டமின் சி பெற வேண்டும் என்றில்லை. ஆனால் அது மற்றவற்றுக்கு முன்னால் ஆக்ஸிஜனுக்கு இரையாவதால், இலை எவ்வளவு பழசு என்று சொல்லும் நல்ல அளவுகோல். அடுத்தது நிறம். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் சூடும் இலையின் இயல்பான அமிலமும் சேர்ந்து அதை வெளியேற்றிவிட்டால் பளிச்சென்ற பச்சை, ஊறுகாய் மாங்காயின் மங்கிய பச்சையாக மாறும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு. காய்ந்த தேயிலையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு கொழுப்பு இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். அதில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம். எண்ணெய்களில் மிக எளிதாகக் காறிப்போகும் ரகம். அது உடைந்து பிறக்கும் ஹெப்டாடையீனல் போன்ற ஆவிகள்தான் பழைய டீயின் வாடை. ஜப்பானியர் அதற்கென்றே ஹினேகா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கொப்பரைத் தேங்காய் காறிய வாடையை அறிந்த மூக்குக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உறவு முறை ஒன்றுதான்.

இந்த மூன்று சிதைவுக்கும் ஆக்ஸிஜன், வெப்பம், ஒளி, ஈரம் என்று நான்கு கைகள் உண்டு. டீ பற்றி எழுதுபவர்கள் இவற்றை ஒரே வரிசையில் சமமாக நிறுத்துவது வழக்கம். அது எனக்கு உடன்பாடில்லை. ஈரம் மற்ற மூன்றுக்கும் கதவு திறந்துவிடும் கை. நல்ல கிரீன் டீ தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது அதில் 3 முதல் 5 சதவீதம்தான் ஈரம். அந்தச் சிறிதளவு நீர் இலையின் பரப்பில் மூலக்கூறு மூலக்கூறாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. ஒரு பரப்பை ஒற்றை அடுக்காக மூட எவ்வளவு நீரோ வாயுவோ வேண்டும் என்று கணக்கிடும் வழியை ப்ரூனோர், எம்மெட், டெல்லர் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1938-இல் தந்தார்கள். உணவை உலர்த்திக் காக்கும் துறை முழுவதும் அந்தக் கணக்கை இன்றும் கையில் வைத்திருக்கிறது. ஒற்றை அடுக்கைத் தாண்டி நீர் சேரும்போது, மேலடுக்கில் உள்ள மூலக்கூறுகள் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, நடமாடத் தொடங்குகின்றன. நடமாடும் நீர் கரைப்பான். அதுவரை தனித்தனி அறையில் அடைபட்டிருந்த அமிலமும் பச்சையமும் கேட்டகினும் ஆக்ஸிஜனும் அதன் வழியே ஒன்றையொன்று போய்ச் சேர்கின்றன. அப்படியானால் ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் வறட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதுவும் ஆகாது. ஒற்றை அடுக்கு நீர் கொழுப்பின் மேல் மெல்லிய போர்வைபோல் இருக்கிறது. அதையும் உரித்துவிட்டால் கொழுப்பு நேரடியாகக் காற்றுக்கு ஆட்பட்டு இன்னும் விரைவாகக் காறும். தேயிலைக்காரர்கள் 3 சதவீதத்துக்குக் கீழே போக ஆசைப்படாததற்கு இது ஒரு காரணம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 50 கிராம் கிரீன் டீ. கால் லிட்டர் காற்று மிச்சமிருக்கும், இறுக மூடும் தகர டப்பா. வெளியே 30 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம். சென்னையிலோ நாகையிலோ யாழ்ப்பாணத்திலோ இது சாதாரண நாள். அந்தக் காற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 23 மில்லிகிராம் நீராவி இருக்கும். மூடியைத் திறந்து மூடும்போது டப்பாவுக்குள் இருக்கும் கால் லிட்டர் காற்றும் முழுவதுமாக மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போன நீர் 6 மில்லிகிராம். 50 கிராம் இலையின் ஈரம் ஒரு சதவீதம் கூட வேண்டுமானால் 500 மில்லிகிராம் நீர் உள்ளே போக வேண்டும். அதாவது எண்பது தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். தினம் ஒரு கோப்பை குடிப்பவருக்கு அதற்குள் டீயே தீர்ந்துவிடும். திறப்பதால் டீ கெட்டுப்போகும் என்ற பொதுவான பயம் ஈரத்தைப் பொறுத்தவரை அவ்வளவு நியாயமானதல்ல என்பது இதில் தெரிகிறது. கெடுப்பவை வேறு: சரியாகப் பொருந்தாத மூடி, ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிவைத்த காகிதப் பாக்கெட், கழுவித் துடைக்காத கரண்டி, கொதிக்கும் கெட்டிலுக்கு நேர் மேலே பாக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டும் பழக்கம்.

ஆக்ஸிஜனின் கணக்கு இதற்கு நேரெதிர். அதே கால் லிட்டர் காற்றில் சுமார் 67 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. 50 கிராம் செஞ்சாவில் உள்ள 130 மில்லிகிராம் வைட்டமின் சி முழுவதையும் அழிக்க, வேதிவினை எந்தப் பாதையில் நடந்தாலும், 25 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டியதில்லை. ஆக, ஒரே ஒரு முறை திறந்து மூடிய டப்பாவிலேயே அந்த அழிவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நடத்தப் போதுமான ஆக்ஸிஜன் உட்கார்ந்துவிட்டது. தொழிற்சாலையில் நைட்ரஜன் நிரப்பி ஒட்டிய உறையைக் கத்தரித்த கணமே அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. மறுபடி மூடுவதால் அது திரும்பி வராது. உறைக்குள் சிலசமயம் இரும்புத்தூள் அடைத்த சிறு பை ஒன்று இருக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்ஸிஜனை உறிஞ்சும் என்பதை வைத்து ஜப்பானில் மிட்சுபிஷி காஸ் கெமிக்கல் நிறுவனம் 1977-இல் சந்தைக்குக் கொண்டுவந்த யோசனை அது. பிரித்த உறையில் அந்தப் பை விரைவிலேயே தன் இரும்பைச் செலவழித்துவிடும். அப்புறம் அது வெறும் குப்பை. அதைப் பத்திரமாக எடுத்து அடுத்த டப்பாவில் போடுபவர்கள் மனநிறைவை மட்டும் பெறுகிறார்கள். பையிலிருந்து காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுவதும், இலை குறையக் குறையச் சிறிய டப்பாவுக்கு மாற்றுவதும் ஓரளவு உதவும். ஆனால் ஆக்ஸிஜனை முற்றிலும் தடுக்க வீட்டில் வழியில்லை. அது வேலைசெய்யும் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும்; வேகத்தைக் குறைப்பவை வறட்சியும் இருளும் குளிரும்.

குளிரின் பலத்தை நான் மறுக்கவில்லை. ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ஹீனியஸ் 1889-இல் வெப்பத்தையும் வினை வேகத்தையும் இணைத்துக் காட்டிய பிறகு, பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற கைக்கணக்கு சமையலறை வரை வந்துவிட்டது. அதன்படி 30 டிகிரியில் ஒரு மாதத்தில் நடக்கும் சிதைவு 5 டிகிரியில் நடக்க ஐந்தாறு மாதம் ஆகும். உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இது தோராயம்தான், ஆனால் ஜப்பானியத் தேயிலைத் தொழில் முழுவதும் இந்தத் தோராயத்தின் மேல்தான் நிற்கிறது. வசந்தத்தில் பறித்த இலையை அரைகுறையாகப் பதப்படுத்தி, குளிர்க் கிடங்கில் மூட்டை மூட்டையாக அடுக்கி, ஆண்டு முழுவதும் தேவைக்கேற்ப எடுத்துக் கடைசி வறுவல் கொடுத்து விற்கிறார்கள். அங்கே குளிருக்குள் போவது மூடிய உறை. வெளியே வருவதும் மூடிய உறை. உள்ளே இருக்கும் இலை வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை.

வீட்டில் நடப்பது வேறு. 30 டிகிரியும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள்மேல் பட்டாலும் அந்தக் காற்று வியர்த்துவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வழிவது இதுதான். 5 டிகிரியில் இருக்கும் 50 கிராம் தேயிலையைத் திறந்தால் அதே வியர்வை இலைமேல் படியும். இலை 5 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குச் சூடேற ஏறத்தாழ 1,500 ஜூல் வெப்பம் வேண்டும். அது முழுவதும் நீராவி படிவதால் கிடைத்தது என்று வைத்தால், ஒரு கிராம் நீராவி படியும்போது சுமார் 2,450 ஜூல் விடுபடும் என்ற கணக்கில், இலைமேல் 600 மில்லிகிராம் நீர் இறங்கியிருக்கும். அறை வெப்பத்தில் இருந்த டப்பாவுக்கு 6 மில்லிகிராம், இங்கே 600. ஒரு திறப்பு நூறு திறப்புக்குச் சமம். இலையைத் தட்டில் பரப்பி வைத்தால்தானே இவ்வளவு ஆகும், ஒரு கரண்டி எடுத்து உடனே உள்ளே வைத்துவிட்டால் என்ன என்று எதிர்க்கேள்வி வரும். நியாயம்தான், 600 என்பது உச்ச வரம்பு. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 மில்லிகிராம், முப்பது நாளில் 1.8 கிராம். 4 சதவீத ஈரத்தோடு தொடங்கிய இலை மாதக் கடைசியில் 7 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அந்த நிலையில் பெட்டியின் குளிர் வாங்கிக்கொடுக்கும் தாமதத்தை உள்ளே சேர்ந்த நீர் தின்றுவிடும். உறைபெட்டியில் வைத்து அன்றாடம் எடுத்தால் இன்னும் மோசம். சூடேற வேண்டிய தூரம் இரட்டிப்பு.

எடுத்ததும் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருந்தால் ஈரம் படியாது என்பது உண்மை. அதற்குப் பல மணி நேரம் வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது இரவே வெளியே எடுத்து வைத்துக் காலையில் கத்தரிப்பது சாத்தியம். தினமும் காலை டீக்கு யார் அதைச் செய்வார்கள்? ஜப்பானில் பிரித்த டீயைக் குளிரில் வைப்பவர்கள் இருக்கிறார்களே என்றால், அங்கே குளிர்காலத்துக் காற்றின் பனிநிலை குளிர்பெட்டியின் வெப்பநிலைக்கு அருகிலேயோ அதற்குக் கீழேயோ இருக்கும், திறந்தாலும் வியர்க்காது. நம் கடற்கரையில் ஆண்டில் ஒரு நாள்கூட அப்படி அமைவதில்லை. உதகையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே அறையே பாதிக் குளிர்பெட்டி.

வேடிக்கை என்னவென்றால், குளிரைக் கண்டு டீ அஞ்சும் என்று எழுதிவைத்தவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். சீனாவின் சோங் அரச காலத்தில், ஃபூஜியன் பகுதியைச் சேர்ந்த அதிகாரியும் எழுத்தோவியருமான சாய் ஷியாங் 1050-ஐ ஒட்டிப் பேரரசருக்காக எழுதிய சா லு என்ற சிறுநூலில் தேயிலையைச் சேமிப்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். தேயிலைக்கு மூங்கில் வகை இலை உறை ஒத்துவரும், வாசனைப் பொருள் ஆகாது. வெதுவெதுப்பான வறட்சியை விரும்பும், ஈரக்குளிரை வெறுக்கும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை உடல் சூட்டளவு கணப்பில் காட்ட வேண்டும் என்பது அவர் முறை. இன்றைய அறிவியல் குளிரில் வை என்கிறது, அவர் கணப்பில் வை என்கிறார், யார் சரி? இருவரும்தான். காற்றுப்புகாத உறை இல்லாத காலத்தில் குளிர் தனியாக வந்ததே இல்லை, ஈரத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. ஒரே அளவு நீராவி உள்ள காற்று குளிர்ந்தால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறும், இலை அதைக் குடிக்கும். வெப்பத்தால் சிதைவு சற்று விரைந்தாலும் பரவாயில்லை, ஈரம் ஏறக்கூடாது என்று அவர் தேர்ந்துகொண்டார். எது பெரிய எதிரி என்பதில் அவர் கணிப்பு பிசகவில்லை. ஹாங்சோ பகுதியில் லோங்ஜிங் தேயிலையைக் காக்கப் பயன்படுத்திய முறையும் அதே கட்சி: காகிதத்தில் பொட்டலம் கட்டிய தேயிலையைப் பெரிய மண்சாடியில் அடுக்கி, நடுவே துணிப்பையில் நீற்றாத சுண்ணாம்பை வைத்து மூடிவிடுவார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு ஆவேசமாக நீரைக் குடிக்கும் என்று தெரியும். சாடியில் அது காற்றின் ஈரத்தை மெதுவாகக் குடித்து மாவாகும். மாவானதும் புதுச் சுண்ணாம்பு மாற்றுவார்கள்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைத் தடுத்து நிறுத்த வேண்டும். உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுகிற நினைவில் டீ டப்பாவிலும் அரிசி முடிச்சு வைப்பவர்கள் உண்டு. சாதாரண அரிசியில் 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது தன்னைவிட ஈரமான உப்பிலிருந்து நீரை வாங்கும். தன்னைவிட வறண்ட தேயிலைக்குப் பக்கத்தில் வைத்தால் கொடுக்கல் வாங்கல் திசை மாறி, அரிசி கொடுக்கும், டீ வாங்கும். வறுத்து ஆறவைத்த அரிசி என்றால் கதை வேறு.

ஜப்பானின் பழைய முறையைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் அங்கே இயற்கை கொடுத்த தலைவலி பெரிது. மே மாதத் தொடக்கத்தில் சிறந்த கொழுந்து, ஜூனில் அடைமழை, அதன்பின் புழுக்கமான கோடை. ஆண்டுக்கான நல்ல டீ முழுவதும் பறித்த கையோடு மிக ஈரமான பருவத்துக்குள் நுழைய வேண்டும். அந்நாட்டை ஆண்ட ஷோகன்களுக்கு உஜி ஊரிலிருந்து டீ போன விதம் இதற்கு விடை. அவர்கள் ஆட்சி நடத்திய எடோவிலிருந்து காலிச் சாடிகள் ஊர்வலமாக வரும். இந்த ஏற்பாடு 1633-இல் முறைப்படுத்தப்பட்டு ஷோகன் ஆட்சி முடியும்வரை நடந்தது. உயர்ந்த இலையைச் சிறுசிறு காகிதப் பைகளில் போட்டுச் சாடிக்குள் வைத்து, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் சாதாரண இலையைத் திணித்து, வாயைக் காகிதம் ஒட்டி முத்திரையிடுவார்கள். சுற்றியுள்ள இலை உள்ளே வரும் ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு நடுவில் உள்ளதைக் காக்கும். கோடை முழுவதும் சாடி திறக்கப்படாது. மலைக்குளிரில் வைப்பதும் உண்டு. நவம்பரில் காற்று வறண்ட பிறகே முத்திரை உடைக்கும் சடங்கு. உள்ளே இருப்பது பொடியாக்காத இலை. மாச்சா என்ற டீப்பொடி வேண்டும்போதுதான் அன்றன்றைக்குக் கல்லில் அரைப்பார்கள், ஏனென்றால் பொடியின் பரப்பு பெரிது, காற்றுக்கு அது விரித்துவைத்த விருந்து. சிறு பொட்டலம், இறுக்கம், இருள், குளிர், வறண்ட காலத்தில் திறப்பு: ஆக்ஸிஜன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இத்தனையும் ஒரு மண்சாடிக்குள் கூடியிருந்தன.

இதே சாடியை எனக்கு எதிராகவும் காட்டலாம். மே மாத இலையை நவம்பர் வரை வைத்ததே அது பக்குவப்படட்டும் என்றுதானே, அப்படியானால் பழையதாவது கெடுதல் என்று எப்படிச் சொல்வது? புதிதாகப் பறித்த இலையில் ஒரு கூர்மையான பச்சை வாடை உண்டு. மூடிய சாடியில் ஆறு மாதத்தில் அது அடங்கிச் சுவை உருண்டு திரளும் என்று உஜிக்காரர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அது முத்திரைக்குள் நடக்கும் அடக்கம். முத்திரை உடைந்த மறுநாளிலிருந்து கணக்கு வேறு. யுன்னானின் பூ-அர் தேயிலை பத்திருபது வருடம் கழித்து விலை ஏறுவதைக் காட்டுபவர்களுக்கும் பதில் உண்டு. அதன் இலையை வெயிலில் காயவைப்பதால் நொதி முழுதாகச் சாவதில்லை; ஈரமும் கூடுதல்; நுண்ணுயிர்களும் அதில் குடியிருந்து உழைக்கின்றன. தயிர் புளிப்பதும் பால் திரிவதும் ஒரே மாற்றம் இல்லை. கிரீன் டீயில் உழைக்க யாருமில்லை, உடைவது மட்டும்தான் நடக்கும்.

மணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சீனத்து மல்லிகை டீயே சாட்சி. மதுரைக் குண்டுமல்லியின் இனமான மல்லிகையை மாலையில் தேயிலையோடு கலந்து வைத்தால் இரவில் பூ விரியும்போது இலை அதன் மணத்தை உறிஞ்சிவிடும். பல இரவுகள் புதுப் பூ மாற்றுவார்கள். பூவிலிருந்து மணத்தோடு ஈரமும் ஏறுவதால் மறுபடி உலர்த்தாமல் விற்க முடியாது. மல்லிகையை உறிஞ்சும் இலை பெருங்காயத்தையும் மீன் குழம்பையும் உறிஞ்சும். சாம்பார்ப்பொடி அலமாரியும் மாவுப் பாத்திரம் புளிக்கும் குளிர்பெட்டியும் அதற்கு ஆகாதது இதனால்தான். ஒளியைப் பொறுத்தவரை பச்சையம் ஒளியைப் பிடிக்கவென்றே படைக்கப்பட்ட மூலக்கூறு. செடியில் அந்த ஒளி சர்க்கரையாகும்; காய்ந்த இலையில் போக இடமில்லாமல் ஆக்ஸிஜனைத் தூண்டிவிட்டுக் கொழுப்பின்மேல் ஏவும். கடைகளில் கண்ணாடி ஜாடிகளில் பளபளவென்று அடுக்கிய கிரீன் டீ பார்க்கத்தான் அழகு. கப்பலில் டீ போன காலத்தில் மரப்பெட்டிக்குள் ஈயத்தகடு அடித்ததும், க்யோட்டோவில் கைகாதோ பட்டறை 1875 முதல் இரட்டைச் சுவர்த் தகர டப்பா செய்துவருவதும் உலோகத்தை நம்பித்தான். அந்த டப்பாவின் மூடியை மேலே வைத்தால் போதும், காற்றைப் பிதுக்கிக்கொண்டு தானாக மெல்ல இறங்கும். அவ்வளவு செலவு தேவையில்லை; அலுமினியப் பூச்சுள்ள ஜிப் பையே போதும்.

கடைசியாக, இவ்வளவு அக்கறை எதற்கு, பாக்கெட்டில் இரண்டு வருடத் தேதி போட்டிருக்கிறதே என்ற கேள்வி. காய்ந்த இலை அழுகாது. அந்தத் தேதி வயிற்றுக்கு உறுதி சொல்கிறது, நாக்குக்குச் சொல்லவில்லை. சுவைக்காகக் குடிக்கவில்லை, உடம்புக்காகக் குடிக்கிறேன் என்பவர்களுக்கும் இதில் ஆறுதல் இல்லை. அமெரிக்கா, கொரியா, ஜப்பான் கடைகளில் வாங்கிய எட்டு வகை டீப் பைகளை 20 டிகிரியில் ஆறு மாதம் வைத்து அளந்த ஆய்வு 2009-இல் வெளியானது. உடம்புக்கு நல்லது என்று அவர்கள் நாடும் கேட்டகின் மொத்தத்தில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. நம் அறைகள் 20 டிகிரியில் இருப்பதில்லை. ஆகவே சிக்கனம் என்று அரைக்கிலோ வாங்குவதைவிட, 50 கிராம் உறைகளாக வாங்கி, ஒன்றை அலமாரியின் இருட்டில் வறண்ட டப்பாவில் வைத்து மாதத்துக்குள் தீர்ப்பதும், மற்றவற்றைப் பிரிக்காமல் குளிரில் வைப்பதும் லாபம்.

நமுத்துப்போன இலைக்கு ஒரு வழி மிச்சம் உண்டு. கணப்பில் காட்டினால் ஈரம் போகும், பழைய வாடையும் கொஞ்சம் பறக்கும். ஆனால் மக்னீசியத்தை இழந்த பச்சையமும் ஆக்ஸிஜன் தின்ற வைட்டமினும் திரும்பி வராது. ஜப்பானியர் அதனோடு மல்லுக்கட்டுவதில்லை, அதை வறுத்து ஹோஜிச்சா ஆக்கிவிடுகிறார்கள். இலையில் இருக்கும் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து, காப்பிக்கொட்டையிலும் வேர்க்கடலையிலும் வறுபடும்போது கிளம்பும் அதே குடும்பத்து மணத்தை உண்டாக்கும், கசப்பும் தணியும். ஒரு கைப்பிடி இலையைச் சிறுதீயில் புரட்டிக்கொண்டே இருந்து, பழுப்பேறி, புகை கிளம்பும் முன் இறக்க வேண்டும். தாளித்த வாணலி மட்டும் ஆகாது. தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இலை அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.